மூன்று நூல் கம்பியில் ஆறு முனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் படங்களை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். பார்க்க நிறைவாக இருந்தது. அதில் ஒரு வென்டிலேட்டர் கிரில்லில் ஆறு முனை நட்சத்திரம் இருந்தது. அதன் கீழே ‘யூதர்களின் தாவீது நட்சத்திரம்’ என்று அச்சாகியிருந்தது. அடுத்த வாரமே ஒரு வாசகர் கோபமாக எழுதியிருந்தார். அது முருகனுடைய சக்கரம், யூதர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பது அவர் வாதம்.

இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் பெரிய படிப்பு படித்தவன் அல்ல. கும்பகோணத்தில் 1984 முதல் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த ஆறு முனை டிசைனை என் கையாலேயே எத்தனையோ வீடுகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். நீங்கள் போட்ட படத்தில் இருப்பது என் வேலை இல்லை. அது வெல்டிங் இல்லாமல் ரிவிட் அடித்துச் சேர்த்தது, எனக்கு முந்திய தலைமுறைக் கை. நடுவில் ஒரு பூ வைத்திருக்கிறார். படத்தை உற்றுப் பார்த்தால் பக்கத்து வென்டிலேட்டரிலும் அதே பூ இருக்கிறது. அங்கே சுற்றிலும் நட்சத்திரத்துக்குப் பதில் கொடி ஓடுகிறது. அதாவது வீட்டுக்காரர் டிசைன் புத்தகத்தைப் புரட்டி அறைக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எங்கள் பட்டறைகளில் இன்றும் அப்படித்தான். ‘27-ம் நம்பர் போடுங்கள்’ என்பார்கள். அது எந்த மதத்துச் சின்னம் என்று ஒருவரும் கேட்டதில்லை. முருகனுக்காக வேண்டும் என்பவர்கள் அதை வாய்விட்டே சொல்லிவிடுவார்கள். நடுவில் வேல் வை, ஆறு மூலையிலும் ச, ர, வ, ண, ப, வ என்று எழுத்து வெட்டு என்பார்கள். அப்போது அது சரவணபவச் சக்கரம்.

இந்த உருவம் ஏன் உலகம் பூராவும் இருக்கிறது என்று ஒரு தச்சரிடமோ கொல்லரிடமோ கேட்டால் உடனே சொல்லிவிடுவார். கவராயத்தை ஒரு அளவுக்கு விரித்து வட்டம் போடுங்கள். விரிப்பை மாற்றாமல் அந்த வட்டத்தின் மேலேயே முள்ளை வைத்து வைத்து நகர்த்திக்கொண்டு போனால், ஆறாவது எட்டில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். ஒன்று விட்டு ஒன்றாகப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். மிச்சம் மூன்றைச் சேர்த்தால் இன்னொன்று. கணக்கு தெரியாதவனுக்கும் தப்பாது. ஐந்து முனை நட்சத்திரம் அப்படி இல்லை. அதைச் சரியாகப் பிரிப்பதற்குள் நாலு தடவை அழிக்க வேண்டியிருக்கும்.

கம்பியிலும் அதே சுலபம்தான். மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று) சதுரக் கம்பியில் 9 அங்குலத்துக்கு ஆறு துண்டு வெட்டிக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 3 அங்குலத்தில் ஒரு சாக்பீஸ் குறி, 6 அங்குலத்தில் ஒரு குறி. ஒரு முக்கோணத்தை இன்னொன்று குறுக்கே கடக்கும் இடம் எப்போதும் சரியாக மூன்றில் ஒரு பங்கில்தான் விழும். குறியோடு குறியைப் பொருத்தி ஆறு இடத்தில் வெல்டிங் வைத்தால் முடிந்தது. ஒரே மட்டத்தில் வர வேண்டுமென்றால் ஒரு முக்கோணத்தை முழுசாக விட்டு, மற்றதன் மூன்று கம்பியையும் மும்மூன்றாக அறுத்து ஒன்பது துண்டாக இடையில் பொருத்த வேண்டும். அதற்குக் கூலி கொஞ்சம் கூட. இந்த உருவம் யாரும் யாரிடமும் திருடாமல் கவராயம் புழங்கிய ஊர்களிலெல்லாம் தானாகவே பிறந்திருக்கும் என்பதற்கு என் கைப்பழக்கமே எனக்குச் சாட்சி.

கந்த சஷ்டிக்கு எங்கள் வீட்டில் பெண்கள் இதைத்தான் மாவில் போடுகிறார்கள், மூலைக்கு ஒன்றாக ஆறு விளக்கு ஏற்றுகிறார்கள். மகன் டெல்லியில் வேலையில் இருந்தபோது ஹுமாயூன் கல்லறைக்குக் கூட்டிப்போனான். 1556-ல் இறந்த பாதுஷாவுக்காக அவர் மனைவி ஹாஜி பேகம் முன்னின்று எழுப்பிய கட்டடம். பெரிய வளைவின் இரண்டு தோள்களிலும் செங்கல்லில் வெள்ளைப் பளிங்கு பதித்து இதே ஆறு முனை. செங்கல் என்றா எழுதிவிட்டேன், செம்மணற்கல். நான் கீழே நின்றுகொண்டு விரலால் காற்றில் அளந்துகொண்டிருந்தேன், மகன் சிரித்தான். எங்கள் கடைத்தெரு பாய் ஒருவரிடம் வந்து சொன்னபோது, ‘அது சுலைமான் நபியின் முத்திரை, அவர் மோதிரத்தில் இருந்தது என்பார்கள்’ என்றார். மொராக்கோ நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் வார்த்த வெண்கலக் காசுகளிலும் அந்த முத்திரை இருக்கிறது. அவை முஸ்லிம் சுல்தான்களின் காசுகள்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை ஒரு நாள் படம் அனுப்பி, ‘மாமா, இது உங்க டிசைன்தானே?’ என்று கேட்டிருந்தார். பவேரியாவின் வடகிழக்கில் விண்டிஷெஷன்பாக் என்ற சிறிய ஊர். அங்கே ஊர்ப் பொதுச் சாலையில் பீர் காய்ச்சி, குடும்பங்கள் முறை வைத்துத் தங்கள் வீட்டிலேயே விற்கின்றன. இந்த வாரம் யார் முறையோ அவர் வீட்டு வாசலில் ஒரு கோலை நீட்டி, அதில் ஆறு முனை நட்சத்திரத்தைத் தொங்கவிடுகிறார்கள். ‘ட்ஸாய்கல்’ என்று பெயர், அடையாளம் என்று பொருளாம். நெருப்பு, தண்ணீர், காற்று ஒரு முக்கோணம். தண்ணீர், மால்ட் என்ற முளைகட்டிய தானியம், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ இன்னொன்று என்று விளக்கம் சொல்கிறார்கள். இதற்கும் யூத மதத்துக்கும் தொடர்பு இல்லை.

இவ்வளவையும் சொன்னதால், அந்த நட்சத்திரம் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். அந்த வாசகருடைய கடிதத்தில் என்னை உறுத்தியது ‘நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது’ என்ற வார்த்தைதான். அதைப் படித்ததும் எனக்கு மட்டாஞ்சேரி ஞாபகம் வந்துவிட்டது.

1976-ல், 19 வயதில், தொழில் கற்றுக்கொள்ளக் கொச்சிக்குப் போனேன். மட்டாஞ்சேரியில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் இருந்தேன். பக்கத்தில்தான் யூதத் தெரு. தெருக்கோடியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம், அதற்கு ஒரு மணிக்கூண்டு. உள்ளே தரை முழுக்கச் சீனாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்த நீலப் பூ ஓடுகள். கையால் வரைந்தவை என்பதால் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது என்று காட்டுவார்கள். 1968-ல் அதன் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார், தபால்தலையும் வெளியிட்டார்கள் என்று எங்கள் முதலாளி நேற்று நடந்தது மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். நான் போன காலத்தில் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இஸ்ரேல் உருவான பிறகு குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிவிட்டார்கள். ஆனால் ஜன்னல்கள் அப்படியே இருந்தன. கிரில்லில் ஆறு முனை நட்சத்திரங்கள்.

அதில் ஒரு ஜன்னல் துருப்பிடித்துவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். வீட்டில் ஒரு வயதான அம்மா மட்டும் இருந்தார். நான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்று அளவெடுக்க ஆரம்பித்தேன். அவர் தடுத்தார். ஓரத்துக் கம்பிகளை மாற்று, நடுவில் இருப்பதைத் தொடாதே என்றார். நான் ‘நட்சத்திரம்தானே அம்மா, இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியும்’ என்றேன். சின்ன வயசுத் திமிர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘இது நட்சத்திரம் இல்லை மோனே. மாகேன் தாவீது. தாவீதின் கேடயம்’ என்றார். உட்காரவைத்து டீ கொடுத்துச் சொன்ன கதையில் பாதி அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு கிடைத்ததையெல்லாம் படித்து, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பைபிளில் இந்த உருவத்தைப் பற்றி எதுவும் இல்லை. யூதர்களின் ஆதிச் சின்னம் ஏழு கிளை விளக்கு. ரோமாபுரியில் டைட்டஸ் வளைவில், கி.பி. 70-ல் எருசலேம் ஆலயத்தை அழித்துக் கொள்ளையடித்த வீரர்கள் தூக்கிக்கொண்டு போவது அந்த விளக்கைத்தான். கப்பர்நகூமில் உள்ள பழைய ஜெபாலயத்தின் இடிபாட்டில் ஒரு கல்லில் ஆறு முனை நட்சத்திரம் இருக்கிறது. ஆனால் அதே வரிசையில் ஐந்து முனையும் இருக்கிறது, அழகுக்காகச் செதுக்கியதுதான். 1008-ல் கெய்ரோவில் எழுதி முடித்த எபிரெய வேதப் பிரதி இப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் முழுக்க ஆறு முனை நட்சத்திரம் வரைந்து, அதற்குள் தன் பெயரை எழுதியிருக்கிறார் பிரதி எடுத்த சாமுவேல் பென் யாக்கோப். அதுவும் அலங்காரம்தான். அந்த நிலையில் அவர்கள் கையிலும் அது நம்முடைய 27-ம் நம்பர் மாதிரிதான் இருந்திருக்கிறது.

அது ஒரு சமூகத்தின் அடையாளமாக ஆனது இன்றைய செக் நாட்டின் பிராக் நகரத்தில். 1354-ல் மன்னர் நான்காம் சார்லஸ் அங்கிருந்த யூதர்களுக்குத் தனிக் கொடி வைத்துக்கொள்ள உரிமை தந்தார் என்பது அவர்கள் மரபு. அந்தக் கொடியில் இந்த நட்சத்திரம் வந்தது. அதே ஊரில் 1613-ல் இறந்த டேவிட் கான்ஸ் என்ற வானியல் அறிஞரின் கல்லறைக் கல்லில் இரண்டு உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். அவர் பெயர் டேவிட் என்பதற்காக இந்த நட்சத்திரம். கான்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் வாத்து, அதனால் ஒரு வாத்து. அந்தக் கல்தச்சரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1656-ல் வியன்னாவில் கிறிஸ்தவர் பகுதிக்கும் யூதர் பகுதிக்கும் நடுவே நட்ட எல்லைக் கல்லில் ஒன்று சிலுவை, மற்றது ஆறு முனை நட்சத்திரம். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் யூதர்கள் வெளிப்படையாகப் பெரிய ஜெபாலயங்கள் கட்டத் தொடங்கியபோது, கோயில் என்றால் தூரத்திலிருந்தே தெரிய ஒரு சின்னம் வேண்டியிருந்தது. சர்ச்சுக்குச் சிலுவை இருக்கிற மாதிரி. கோபுரத்திலும் ஜன்னல் கண்ணாடியிலும் விளக்குத் தண்டிலும் பிரார்த்தனைப் புத்தக அட்டையிலும் இந்த நட்சத்திரம் ஏறியது அந்தக் காலத்தில்தான்.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தின் சாந்தா குரோசே தேவாலயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மைக்கேலாஞ்சலோவும் கலிலியோவும் அடக்கமான இடம். உள்ளே எல்லாம் பழசு. ஆனால் முகப்பு மட்டும் 1853-க்கும் 1863-க்கும் இடையில் வெள்ளையும் பச்சையும் கலந்த பளிங்கில் வைத்தது. அதன் உச்சியில் நீலத்தில் ஒரு பெரிய ஆறு முனை நட்சத்திரம். முகப்பை வரைந்த நிக்கோலோ மத்தாஸ் யூதர். கத்தோலிக்கர்களின் தேவாலயத்தில் தன் அடையாளத்தை உச்சியில் வைத்துவிட்டார். வேலை செய்கிறவன் தன் கையெழுத்தை எங்காவது விட்டுவிட்டுப் போக ஆசைப்படுவான். நானும் நான் செய்த கிரில்களின் கீழ்ச்சட்டத்தில் உளியால் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறேன்.

அந்த அம்மா சொன்னதில் அன்றைக்கே எனக்குப் புரிந்த பாதி இது. கொச்சியில் தங்களை யாரும் அடித்து விரட்டியதில்லை, ராஜா பக்கத்திலேயே இடம் கொடுத்து வைத்திருந்தார் என்றார். ராஜாக்கள் ஆதரித்தது உண்மை. ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யூதர்களின் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு இன்னும் இருக்கிறது. வட்டெழுத்தில் எழுதியது. பகல் விளக்கு, பல்லக்கு, குடை என்று நம் ஊர்க் கல்வெட்டுகளில் வருகிற மாதிரியே மரியாதைகள். ஆனால் ஐரோப்பாவில் இதே கேடயத்தை எங்கள் ஆட்கள் நெஞ்சில் தைத்துக்கொண்டு சாகப் போனார்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

1939 நவம்பர் 23-ல் ஜெர்மானியர் பிடித்திருந்த போலந்தில் வந்த உத்தரவு, பத்து வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லோரும் வெள்ளைத் துணியில் நீல நட்சத்திரம் போட்ட பட்டையைக் கையில் கட்ட வேண்டும் என்றது. 1941 செப்டம்பரில் ஜெர்மனியிலேயே ஆறு வயதுக் குழந்தை முதல் எல்லோரும் உள்ளங்கை அளவு மஞ்சள் நட்சத்திரத்தை இடது மார்பில் தைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் யூதன் என்று எழுதியிருக்க வேண்டும் என்று வந்தது. அதற்கு ஆளிடம் காசும் வாங்கினார்கள், ஒன்றுக்கு 10 பென்னிக் (ஜெர்மன் சில்லறைக் காசு). துணி பெர்லினில் கொடி அச்சடிக்கும் கம்பெனியில் அச்சானது. ஓரங்களை மடித்துச் சீராகத் தைக்காவிட்டாலும் தண்டனை. இதைப் படித்தபோது எனக்கு ஏனோ அந்த அச்சுக்காரர் ஞாபகம்தான் வந்தது. அவரும் கவராயம் வைத்துத்தானே வரைந்திருப்பார். நாம் புது வீட்டு வாசலில் மஞ்சள் குங்குமத்தில் போடுகிற சுவஸ்திகத்தைப் பறித்துக் கொடியில் வைத்துக்கொண்ட அதே கூட்டம், அடுத்தவர் கேடயத்தைப் பறித்து அவர்கள் மேலேயே அவமானமாகத் தைத்தது. அந்த ஜனங்கள் அதன் பிறகும் அந்தச் சின்னத்தை விட்டுவிடவில்லை. 1897-ல் யூதர்களுக்குத் தனி நாடு கேட்டு சுவிட்சர்லாந்தில் கூடிய பாசல் மாநாட்டில் பறந்த அதே கொடி, பிரார்த்தனைச் சால்வையின் இரண்டு நீலக் கோடுகளுக்கு நடுவே நட்சத்திரம் வைத்தது, 1948 அக்டோபர் 28-ல் இஸ்ரேல் நாட்டுக் கொடியானது. இப்படி ஒரு சரித்திரம் உள்ளவர்களைப் பார்த்து ‘எங்களிடமிருந்து எடுத்தது’ என்று ஒரு வரியில் எழுதுவது எனக்கு வலிக்கிறது. முருகன் சக்கரத்தின் பெருமைக்கு இப்படி ஒரு வாதம் தேவையே இல்லை.

அந்தக் கொடியைப் பார்த்து இன்றைக்குச் சிலருக்குப் பெருமை வருகிறது, சிலருக்குக் கோபம் வருகிறது. அதைப் பேச இந்தக் கடிதம் எழுதவில்லை. ஆனால் அந்தக் கோபமும் பயமும் எங்கள் தெரு வென்டிலேட்டர் வரைக்கும் வந்துவிட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போன வருடம் ஒரு வீட்டில், நான் 1988-ல் செய்து கொடுத்த ஆறு முனை வென்டிலேட்டரைக் கிரைண்டரால் அறுத்து எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் யாரோ வந்து, ‘இது வெளிநாட்டுக் கொடி, ஏன் வைத்திருக்கிறீர்கள், பிரச்சினை வரும்’ என்று சொன்னார்களாம். வீட்டுக்காரருடைய மகன் பயந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. தெரிந்த பையன் ஒருவன் பழைய இரும்புக் கடையில் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினான். கீழ்ச்சட்டத்தில் என் உளிக்கோடு இருந்ததை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறான். எடைக்கு எடை காசு கொடுத்து வாங்கி வந்தேன். ‘தாவீது நட்சத்திரம்’ என்று நீங்கள் ஒரு வென்டிலேட்டர் படத்தின் கீழே அச்சடித்தால், அடுத்த கிரைண்டர் எந்த வீட்டுக்கு வரும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்துக்கு, ‘ரிவிட் அடித்த இரும்பு வென்டிலேட்டர், ஆறு முனை வேலைப்பாடு, நடுவில் பூ’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். மட்டாஞ்சேரி ஜன்னல்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். அதன் கீழே ‘தாவீதின் கேடயம்’ என்றே அச்சடியுங்கள்.

அறுத்தெடுத்த கிரில் இப்போது என் பட்டறையில், பிரைமர் அடித்து, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. ஒன்றரைக்கு இரண்டடி. நட்சத்திரத்துக்கு ஒரு சேதமும் இல்லை, சட்டத்தில் நாலு மூலைதான் அறுபட்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார். இதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டால் நானே ஆளோடு வந்து மாட்டித் தருகிறேன். அரை நாள் வேலை. கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கிரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகர்,
கும்பகோணம்